செருப்பு கிடந்த இடம்

ஒரு கொலை வழக்கின் கோப்பில் என்னுடைய புகைப்படங்கள் ஆறு இருக்கின்றன. என் கல்யாணத்தில்கூட என்னை இத்தனை படம் எடுக்கவில்லை. ஆறிலும் நான் ஒரே மாதிரிதான் நிற்கிறேன்: வலது கையை நீட்டி, விரலால் தரையைக் காட்டியபடி. முதல் படத்தில் முடி கறுப்பு. ஆறாவது படத்தில் காதோரம் முழுக்க வெள்ளை. கொன்றவனைப் பற்றி அந்தக் கோப்பில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். நான் நரைத்த வரலாறு மட்டும் தேதி போட்டு ஒழுங்காக இருக்கிறது.

மட்டாஞ்சேரியில் மசாலாக் கிடங்குகள் இருக்கும் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்க்கிறேன். நாலாம் வகுப்பு வரை படித்தேன், அதுவும் தமிழில். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். என் தொழிலுக்கு அது இடைஞ்சல் இல்லை. துணியைப் பார்த்தால் போதும், எந்த வீடு என்று காலரே சொல்லிவிடும். சீட்டோ எண்ணோ நான் கொடுப்பதில்லை. "நீலக் கட்டம் ரெண்டு, காக்கி ஒண்ணு" என்று யார் வந்து சரியாகச் சொல்கிறார்களோ, அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். துணியைத் தெரிந்தவர் துணிக்குச் சொந்தக்காரர். இதுதான் என் வண்டியின் சட்டம்.

செத்துப்போன அந்தப் பெண்ணையும் துணியை வைத்துத்தான் எனக்குத் தெரியும். கம்பம் பக்கத்து ஊர்க்காரி. சுற்றுலாக்காரர்கள் வரும் கடையொன்றில் வேலை. மாடி அறையில் இன்னும் இரண்டு பெண்களோடு தங்கியிருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை, வேலைக்குப் போகிற வழியில் ஒரு பச்சைச் சுடிதாரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணே, துப்பட்டாவுல கண்ணாடி வச்சிருக்கு. சூட்டைக் கொறைச்சு ஓட்டுங்க. கருகிச்சுன்னா இங்கயே உக்காந்து அழுவேன்."

"அழுதா நல்லது. தண்ணி தெளிக்கிற வேலை மிச்சம்."

நான் ஒரு பெண்ணிடம் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டே போனாள்.

புதன்கிழமை, பூட்டிக் கிடந்த பழைய இஞ்சிக் கிடங்கு ஒன்றிலிருந்து அவளை வெளியே எடுத்தார்கள். தலை முதல் கால் வரை போர்வையால் மூடியிருந்தது. மாடி அறைப் பெண் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். தலை குனிந்தே ஆட்களைப் பார்த்துப் பழகிய நான், கிடங்கு வாசல் ஓடையோரம் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், "அது அந்தப் புள்ளையோட செருப்பு" என்றேன். பக்கத்தில் நின்றவர் சாதாரண உடையில் வந்த போலீஸ்காரர். அன்று முதல் நான் செருப்புச் சாட்சி. மலையாளத்தில் ஒரு பக்கம் எழுதினார்கள். கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன்.

அறையில் கூட இருந்த பெண்கள் சனிக்கிழமை மதியமே ஊருக்குப் போயிருந்தார்கள். சனி சாயங்காலம் கடையைவிட்டு இறங்கியவளை அப்புறம் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. ஆகவே சனிக்கிழமை இரவு கொலை நடந்தது என்று முதல் அதிகாரி எழுதினார். பின்னால் வந்த ஐந்து அதிகாரிகளும் அதையே ஆதாரமாக வைத்துக்கொண்டு, தெருவிலுள்ள ஆண்களை எல்லாம் கூப்பிட்டுச் சனி இரவு எங்கே இருந்தாய் என்று விசாரித்தார்கள். எல்லோரும் எங்கேயாவது இருந்தார்கள்.

எனக்கு ஒன்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு ஆள் வந்து, "பச்சை சுரிதார், கண்ணாடி வெச்ச ஷால்" என்று சொல்லி அந்தத் துணியை வாங்கிக்கொண்டு போனான். ஞாயிறு சாயங்காலம் பள்ளிக்கூடச் சீருடைகள் மலைபோலக் குவிந்திருக்கும். அதற்கு அடியில் கையை விட்டுத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

முதல் நாளே சொல்லப் பார்த்தேன். "சார், துணி..." என்று வாயைத் திறந்தேன்.

"துணியோ? சோதிச்சதுக்கு மட்டும் பறஞ்ஞா மதி, அண்ணாச்சி. செருப்பு எவிடே கிடந்நு? சூண்டிக் காட்டு."

கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னால் போதுமாம். செருப்பு கிடந்த இடத்தைக் காட்டினேன். படம் எடுத்தார்கள். அப்புறம் எனக்கே பயம் வந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளையின் துணியை முன்பின் தெரியாத ஆணிடம் கொடுத்தவன் என்று தெரிந்தால், எந்த வீட்டில் எனக்குத் துணி கொடுப்பார்கள்? அதுவுமில்லாமல், படித்தவர்கள் சனிக்கிழமை என்கிறார்கள். சனிக்கிழமை செத்தவளின் துணியை ஞாயிற்றுக்கிழமை எவன் வந்து வாங்குவான்? நான்தான் கிழமையைக் குழப்பிக்கொண்டேன் என்று முடிவு செய்தேன். நாலாம் வகுப்பு படித்தவனுக்கு அது ஒரு வசதி.

விசாரணை மேலே மேலே போனது. ஸ்டேஷனிலிருந்து குற்றப்பிரிவுக்கும், அங்கிருந்து தனிப்படைக்கும் போனது. இரண்டாம் அதிகாரி ஒரு நாயைக் கொண்டுவந்தார். அது கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேராக என் வண்டிக்கு வந்து, தூக்குவாளி முன்னால் உட்கார்ந்தது. உள்ளே அயிலை மீன் குழம்பு. குழம்பின் காரணமாக நான் இரண்டு நாள் சந்தேகத்துக்குரிய நபராக இருந்தேன். மூன்றாமவர் நாடா வைத்து, என் வண்டிக்கும் செருப்புக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தார். நான்காமவர் வந்தபோது ஓடையின் மேல் சிலாப் போட்டுவிட்டார்கள், நான் சிலாப்பைக் காட்டினேன். ஐந்தாமவர் காலத்தில் அந்தக் கிடங்கு ஓவியம் வைத்து விளக்குப் போடும் இடமாகியிருந்தது. நான் விரலை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்து, அதுவும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டுப் போனார். ஆறாமவர் வந்தபோது அங்கே காப்பிக்கடை. கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஜோடியின் மேஜைக் காலைக் காட்டினேன்.

"இங்கதானோ?" என்றார் அவர்.

"இங்கதான் சார். காலைக் கொஞ்சம் நகட்டச் சொல்லுங்க."

புது அதிகாரி வரும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் தாக்கீது போகும். அவர் ஏலத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். பஸ் மாறி மாறி வந்து, ஸ்டேஷனில் கூப்பிடும்வரை என் வண்டி நிழலில் உட்கார்ந்திருப்பார். நான் சாயா வாங்கிக் கொடுப்பேன்.

"இந்தத் தடவை வந்திருக்கவரு எப்படிண்ணே?"

"போன ஆளைவிட மீசை பெருசும்மா."

"மீசையா கண்டுபிடிக்கப் போகுது?" என்பார். "எவன்னு தெரிஞ்சாப் போதும்ணே. தூக்குல போட வேணாம். எம் புள்ளை எவனை நம்பிப் போச்சுன்னு தெரியாம என்னால கண்ணை மூட முடியாது."

ஒன்பது வருடம் இதைக் கேட்டுக்கொண்டே மற்றவர்களின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம், துப்புக் கிடைக்கவில்லை என்று எழுதி வழக்கை முடித்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதற்கு முன் கடைசியாக ஒருமுறை, அதுவரை பிரித்தே காட்டாத மகளின் துணியை அடையாளம் காட்ட அந்த அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தவர், சாயாவைத் தொடவில்லை.

"பொட்டலத்தைப் பிரிச்சுக் காட்டினாங்கண்ணே. எம் புள்ளை கடைசியாப் போட்டிருந்தது. பச்சைச் சுடிதாரு. கண்ணாடி வச்ச துப்பட்டா. சாகுறதுக்குன்னு அலங்காரம் பண்ணிட்டுப் போயிருக்கு."

இஸ்திரிப் பெட்டி என் கையில் இருந்தது. புகை வந்த பிறகுதான் தூக்கினேன். ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை, முதுகில் பெட்டியின் வடிவத்தில் கருகியிருந்தது.

சனிக்கிழமை இரவு அந்தச் சுடிதார் என் வண்டியில், சீருடைகளுக்கு அடியில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் எப்படிச் செத்திருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை அவள் உயிரோடு இருந்திருக்கிறாள். வந்து வாங்கியவனுக்காகத்தான் உடுத்தியிருக்கிறாள். ஆறு அதிகாரிகளும் எல்லா ஆண்களிடமும் தப்பான கிழமையைக் கேட்டிருக்கிறார்கள்.

சொன்னேன். முகத்தைப் பார்க்காமல், கருகிய சட்டையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த அம்மா சாயா கிளாஸைத் தள்ளி வைத்தார். பிறகு, "ஒம்பது வருசமா எனக்குச் சாயா வாங்கிக் குடுத்தீங்களேண்ணே" என்றார். அடித்திருந்தால் தேவலை. எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க. எங்கிட்டச் சொன்னதை அங்க வந்து சொல்லுங்க."

ஆறாம் அதிகாரி நல்லவர். கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எடோ, ஒம்பது வருஷம் வாய் திறக்காதே இருந்நிட்டு இப்போழோ?"

"யாரும் கேக்கலை சார்."

"இதை எழுதினா, இதுவரை எழுதினதெல்லாம் தப்புன்னு நானே எழுதினதாகும். மறைச்சு வச்சதுக்கு உன்னையும் பிடிச்சு உள்ள இடணும். எழுதட்டா?"

அந்த அம்மா என் கையை விடவில்லை. "எழுதுங்க சார்" என்றேன்.

எழுதினார். வந்தவனை வரைய ஒரு ஓவியரைக் கூப்பிட்டார்கள். மூக்கு எப்படி, கண் எப்படி என்று ஓவியர் கேட்டார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் சட்டை தெரியும். சந்தன நிறம், இடது பையில் மைக்கறை, மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். சட்டைக் கையில் இரட்டை மடிப்பு இருந்தது. தேய்க்கத் தெரியாதவன் வீட்டிலேயே தேய்த்தது. ஓவியர் பாவம், நான் சொன்னதை அப்படியே வரைந்தார். தலையில்லாத சட்டை ஒன்று கோப்பில் சேர்ந்தது.

"இனி இந்தச் சட்டைக்கு வாரண்ட் எடுக்கலாம்" என்றார் பக்கத்திலிருந்த ஏட்டு. எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் படத்தை வாங்கி, கழுத்துக்கு மேலே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

என்னை உள்ளே போடவில்லை. அதற்குள் ஆறாமவருக்கு மாற்றல் வந்துவிட்டது. துணி கொடுக்கும் வீடுகள் பாதியாகக் குறைந்தன. அது நான் எதிர்பார்த்ததுதான். வழக்கை மட்டும் முடிக்கவில்லை.

ஏழாம் அதிகாரி போன மாதம் வந்தார், இளவயசு. காப்பிக்கடை வாசலில் படம் எடுப்பவரோடு நின்றுகொண்டு, "அண்ணாச்சி, செருப்பு கிடந்ந ஸ்தலம் ஒந்நு சூண்டிக் காட்டு" என்றார்.

பழக்கத்தில் கை தானாக எழுந்தது.

"கை காட்டாதீங்கண்ணே" என்றார் பக்கத்தில் நின்ற அந்த அம்மா.

கையை இறக்கிக்கொண்டேன். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போலீஸ்காரரின் முகத்தை மீசைக்கு மேலேயும் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது.

"செருப்பை அப்புறம் பாக்கலாம் சார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எவன் எங்க இருந்தான்னு கேளுங்க."

"ஞாயிறோ? ஃபைலில் சனியல்லே?" என்றார் அவர்.

"கடைசியில ஒரு சட்டைப் படம் இருக்கும் சார். அதுக்கு அடுத்த பக்கம்."

அவர் அங்கேயே நின்று கோப்பைப் பின்னாலிருந்து புரட்டத் தொடங்கினார். படம் எடுப்பவர் கேமராவை மூடினார். அந்த அம்மா காப்பிக்கடைப் படியில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.