பூஜை போட்ட ஃப்ளாப்பி

ஆயுத பூஜை என்றாலே இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சாமி மேல் கோபம் இல்லை. பாவம், சாமி என்ன செய்யும்?

தொண்ணூறுகளில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு வால்வு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ். அப்பா கல் குவாரியில் கால் போய் வீட்டோடு கிடந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. தீபாவளிக்குள் வேலையை நிரந்தரம் செய்துவிடுவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். பூஜையில் வைத்த எதையும் அன்றே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். லேத்தானாலும் சரி, லாரியானாலும் சரி. அந்த வருஷம் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தோம். கணக்கையெல்லாம் பிரதி எடுத்து வைத்திருந்த ஃப்ளாப்பிகளைத் தட்டில் அடுக்கினோம். பெங்களூரிலிருந்து தன் மச்சான் கொடுத்தனுப்பிய கேம் ஃப்ளாப்பி ஒன்றையும் மேனேஜர் அதன்மேல் வைத்தார். கற்பூரம் காட்டியதும் அதைத்தான் முதலில் போடச் சொன்னார்.

"சார், இது வெளி ஃப்ளாப்பி. வைரஸ் இருக்கான்னு செக் பண்ணிட்டுப் போடலாம் சார். அஞ்சு நிமிஷம்தான்."

"ஏம்மா, சாமி முன்னாடி வெச்சதுக்கு நோய் வருமா? நல்ல நேரம் முடியப் போவுது, போடும்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். போட்டேன். பிறகு தட்டில் இருந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க வைத்தார். கையில் பொரியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

விடுமுறை கழிந்து வந்தால் மெஷினில் ஒன்றுமே இல்லை. சரி, பிரதி இருக்கிறதே என்று ஃப்ளாப்பிகளைப் போட்டால், அத்தனையிலும் அந்த வைரஸ் ஏறி உட்கார்ந்திருந்தது. ஸ்டாக், சம்பளம், பில் எல்லாம் நாசம்.

முதலாளி கேட்டபோது மேனேஜர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "இந்தப் பொண்ணு கேம் ஆடியிருக்கு சார்" என்றார். அடப்பாவி! அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே. எல்லோருக்கும் திடீரென்று தலைக்குமேல் வேலை வந்துவிட்டது.

என்னை நிறுத்திவிட்டார்கள். கேட் வரைக்கும் மேனேஜர் பின்னாலேயே வந்தார். "மனசுல வெச்சுக்காதேம்மா. உனக்கென்ன, நாளைக்குக் கல்யாணமாகிப் போயிடுவே. நான் குடும்பஸ்தன்."

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் அப்பாவிடம் சொன்னேன். அவராவது அந்த ஆளைத் திட்டுவார் என்று நினைத்தேன். காலைத் தடவிக்கொண்டே, "அவரு சொல்றதும் வாஸ்தவந்தானே. அவருக்குன்னு ஒரு குடும்பம் இருக்குதில்ல" என்றார்.

"அப்போ நம்ம வீடு என்னப்பா?" என்று கேட்டேன்.