வெற்று உறைகளும் அண்ணனின் மனுவும்

சனிக்கிழமை காலை என் கல்லாவுக்கு வந்த பதினான்கு பேரின் இடுப்பிலும் துப்பாக்கி உறை இருந்தது, துப்பாக்கி இல்லை. ரொட்டி, தக்காளி, நாய்த் தீனி என்று நிரப்பிய வண்டிகளை என் முன் நிறுத்தி, ஆளுக்கொரு அச்சடித்த அட்டை தந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே திரும்ப அடுக்கிவிட்டு வெளியேறினார்கள். ஒரு குரல்கூட உயரவில்லை.

நான் வாழும் அமெரிக்க மாநிலத்தில் புதிய சட்டம் வந்திருக்கிறது. கடைக்காரர் அனுமதிப் பலகை வைத்தால் ஒழிய யாரும் துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது. நான் வேலை பார்க்கும் மளிகைக் கடையில் பலகை இல்லை. பலகை இல்லாத கடையில் எதையும் வாங்குவதில்லை என்பது அவர்கள் போராட்டம். எனக்குப் பிடித்த சட்டம் அது. ஆனால் அந்த அட்டையில் இருந்த வாக்கியங்கள் நான் எழுதியவை.

பள்ளிப் பேருந்து ஓட்டும் லிண்டா எங்கள் வாடிக்கையாளர். முந்தைய வாரம், "நீ பத்திரிகையில் இருந்தவனாமே, இதைக் கொஞ்சம் பார்" என்று அட்டையின் வரைவை நீட்டினார். வசையாக இருந்த வரியை அடித்துவிட்டு, "இத்தனை நாள் உங்களிடம் வாங்கியவர்கள் நாங்கள்" என்று தொடங்கினேன். பத்து நிமிட வேலை. மறுக்கத் தைரியமில்லாமல் செய்ததை அவர் ஆதரவு என்று எடுத்துக்கொண்டார்.

"நீ எங்கள் ஆள். உன் ஊரில் துப்பாக்கி உண்டா?"

"இல்லை" என்றேன்.

பொய். என் ஊரான அச்சன்புதூரில் அண்ணனிடம் லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் பன்றிகளை விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு, அவ்வளவுதான். தேர்தல் அறிவித்ததும் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். விலக்கு கேட்டு கலெக்டருக்கு மனுப் போடலாம். தென்காசியில் நிருபராக இருந்தபோது, 'துப்பாக்கிகள் ஒப்படைப்பு' என்று தேர்தலுக்குத் தேர்தல் செய்தி எழுதியிருக்கிறேன். ஒப்படைத்தவனின் வயல் என்ன ஆனது என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

இந்தத் தேர்தலுக்கு அண்ணன் போன் செய்தான். "ஏலே, மரச்சீனி பூரா கெழங்கு வச்சிருக்கு, துப்பாக்கியக் குடுத்துட்டா பன்னி விடாது. நீ பேப்பர்ல எழுதினவம்லா, ரெண்டு வரி மனு எழுதித் தா."

"நாளைக்கு அனுப்புதேண்ணே."

மூன்று முறை அப்படிச் சொன்னேன். அண்ணன் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, தகர டின்னைத் தட்டிக்கொண்டு விடியற்காலையில் பன்றிக்கு எதிரே போனான். தொடையைக் கிழித்துவிட்டது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும், குற்றாலம் ரோட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனை வீடியோவில் பார்த்தேன். அட்டைக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் பொம்பளைக்கு எழுதிக் குடுக்க எத்தன நாளாச்சுலே?"

"அப்பவே குடுத்துட்டேண்ணே."

அண்ணன் சிரித்தான். மதினி சிரிக்கவில்லை. "கொழுந்தனாரு இங்கிலீசுலதான் எழுதுவாவ போல. நாளையிலேருந்து நாந்தான் டின்னு தட்டணும். இப்பமாவது எழுதுவியளா?"

அங்கேயே, கடை வாசலில் நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து எழுதினேன். பத்து நிமிடம்தான் ஆனது. அனுப்புமுன் படித்துப் பார்த்தேன். 'அனுப்புநர்' என்ற இடத்தில் அண்ணன் பெயர் சரியாக இருந்தது. அதன் கீழே, இந்த அமெரிக்க ஊரில் நான் குடியிருக்கும் தெருவின் பெயர்.