குடிகாரர் என்று சத்தியம் செய்தேன்

ஐந்தாவது வரைதான் படித்தேன். இதை எழுத எட்டு வருடம் தயங்கினேன். தலையில் அடிபட்ட பிறகு குணம் மாறிப்போனவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் படியுங்கள்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம் எங்களுடையது. என் கணவர் அதிர்ந்து பேசாதவர். ஓர் ஆடி மாதம் தன் அண்ணனோடு படகில் மீன்பிடிக்கப் போன அவர், புருவத்துக்கு மேலே வீக்கத்தோடு திரும்பினார்.

"கரையில வழுக்கி வுழுந்துட்டாம்மா. பத்து போடு, போயிடும்" என்றார் அண்ணன்.

வீக்கம் வடிந்தது. ஆள் மாறினார். சோற்றுத் தட்டை வீசினார். துக்க வீட்டில் சிரித்தார். "வேணாம் நைனா" என்று மகள் அழுதால், அவளைப் போலவே அழுது காட்டினார்.

எங்கள் ஏரியில் பாடு உண்டு. எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். இவர் மூன்று தடவை அடுத்தவர் பாடு இருந்த இடத்தில் போய் வலை கட்டினார். ஊர் கூடியது. அதற்கு முன் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார்.

"புத்தி பேதலிச்சவன்னா சீட்டுலேர்ந்து பேரையே எடுத்துடுவாங்க. குடிச்சிட்டு செஞ்சான்னு சொல்லு. ரெண்டு முறை நிறுத்துவாங்க, அவ்ளோதான்."

"அவரு அத்தத் தொட்டதே இல்லியே மாமா!"

"அப்ப பாடு வேணாமா? இன்னாதான் வேணும் உனுக்கு?"

கங்கையம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்து, குடித்தார் என்று சத்தியம் செய்தேன். வெள்ளி தவறாமல் அவளுக்கு விளக்கேற்றுகிற கை.

பாடு தங்கியது. பேர் போனது. "இன்னாப்பா, இன்னிக்கி எத்தினி கிளாசு?" என்பார்கள். "ஒரு கொடம்!" என்று இவரும் சிரிப்பார். வைத்தியரிடம் போனால், கூட வந்த அண்ணன் முந்திக்கொண்டு "எல்லாம் குடியாலதாங்க" என்பார். பத்து மாதம் வீணானது.

ஒரு நாள் வலிப்பு வந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்போதுதான் புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேன் (தலையைத் திறக்காமல் உள்ளே அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் இயந்திரம்) எடுத்தார்கள். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, நெற்றிக்குப் பின்னால் கருத்திருந்த இடத்தைத் தொட்டார்.

"பழைய காயம்மா. பலமான அடி. இதைச் செய்யக்கூடாதுன்னு மனுஷனைத் தடுத்து நிறுத்துற இடம் இது. எப்ப அடிபட்டுது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"பாய்மரம் சாஞ்சிச்சி சார். கயித்த நான்தான் சரியா கட்டல. கொஞ்ச நேரம் அவனுக்குப் பேச்சு மூச்சு இல்ல."

"ஏன் மாமா சொல்லல?"

"ஊரு என்னிய கேக்குமேன்னுதான்..."

சாமிக்கு அடுத்தபடியாக நான் கும்பிட்ட மனிதர் அவர். அம்மன் என்னைத் தண்டிக்கிறாள் என்று அத்தனை மாதமும் விரதம் இருந்தேன். காரணம் தெரிந்தே அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரையில் வலிப்பு நின்றது. கோபம் பாதி குறைந்தது. கருத்த இடம் அப்படியேதான் இருக்கும் என்றார் மருத்துவர். என் கணவருக்குப் பேர் திரும்ப வேண்டும் என்று, படத்தை ஊர்க்கூட்டத்துக்கு எடுத்துப்போய் என் பொய்ச் சத்தியத்தையும் சொன்னேன். வெயிலில் தூக்கிப் பிடித்து மாறி மாறிப் பார்த்தார்கள். "குடின்னா வுட்டுடலாம். இது போவாது போலக்கீதே" என்றார் ஒரு பெரியவர். சீட்டிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள். அது ஒன்றில் அண்ணன் உண்மை சொல்லியிருந்தார்.

இப்போது என் கணவர் கத்தும்போது முகத்தைப் பார்ப்பதில்லை, நெற்றியைப் பார்க்கிறேன். எங்கள் பொழுது மாத்திரை வேளையை வைத்து நடக்கிறது. பேச்சு மூச்சில்லாமல் அவர் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரம் இன்னும் முடியவில்லை.

தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அண்ணன் செய்ததைக் கூட்டிச் சொல்லாதீர்கள். நான் கற்பூரம் அணைத்ததை விட்டுவிட்டும் சொல்லாதீர்கள்.