கேப்டனின் தொண்டை வலி

ஒட்மார் வீகன்ட் இரண்டாம் உலகப் போரில் எங்கள் ஜெர்மன் படைக்குச் சண்டை விமானம் ஓட்டியவன். ஆனால் எதிரியின் ஒரு விமானத்தைக்கூட வீழ்த்தியதில்லை. இதைக் கருணை என்று எண்ணிவிட வேண்டாம். அவனுக்குக் குறி தவறும், அவ்வளவுதான். விமானங்களைப் பழுது பார்த்த எங்களுக்கு அவனைப் பிடிக்கும். கொடுத்த விமானத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவருவான், பல நாள் சுடாத தோட்டாக்களோடு.

கேப்டன் ரெஹ்பைனின் பின்னால் பறந்து அவர் முதுகைக் காப்பது அவன் வேலை. கேப்டனுக்குத் தொண்டை வலி. கழுத்தில் தொங்கும் சிலுவைப் பதக்கத்துக்குத் துடிப்பவர்களை எங்கள் ஓல்டன்பர்க் தளத்தில் அப்படித்தான் சொல்வோம். இன்னும் ஒரு எதிரி விமானம் விழுந்தால் பதக்கம் வந்துவிடும். ஆனால் விழுந்ததைப் பார்த்தேன் என்று இன்னொருவன் சொல்ல வேண்டும். யாரும் பார்க்காதது நடந்ததா இல்லையா என்று ஞானிகள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். விமானப்படை ஒரே விதியில் முடித்துவிட்டது: நடக்கவில்லை.

நாற்பத்து மூன்றின் இலையுதிர் காலம். இருவரும் தரையிறங்கினார்கள். கேப்டன் இறக்கையிலிருந்து குதித்தார்.

"அமெரிக்கக்காரன் புகை கக்கிக்கிட்டே விழுந்தான். பார்த்தேல்ல, ஒட்மார்?"

"புகையைப் பார்த்தேங்க, கேப்டன்."

"அப்புறம் என்ன."

"அது உங்க இன்ஜின் புகைங்க."

என் கூட்டாளி கஸ்பர் குனிந்து சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தான். விமானத்தின் வயிறு முழுக்க எண்ணெய். "ஒழுகுதுன்னு நேத்தே சொன்னேன்," என்று சக்கரத்திடம் சொன்னான்.

கேப்டன் ஒட்மாரின் தோளில் கை போட்டார்.

"ரஷ்யாவுக்குக் காலாட்படை ஆள் கேக்குது. யாரை அனுப்பறதுன்னுதான் யோசிக்கறேன். நல்லா ஞாபகப்படுத்திப் பாருடா."

ஒட்மார் அவசரமாகத் தலையாட்டினான். "விழுந்துச்சுன்னே சொல்லிடறேங்க. எங்க விழுந்துச்சுன்னு கேப்பாங்களே?"

"காட்டுல."

"எந்தக் காடுங்க?"

"ஏதோ ஒரு காடு. உனக்குக் காட்டுக்கா பஞ்சம்?"

மறுநாள் தலைமையகத்திலிருந்து ஒரு மேஜர் வந்தார். விமானக் கொட்டகையிலேயே நாற்காலி போட்டு விசாரித்தார். ஒட்மார் விறைப்பாக நின்றான்.

"விழுந்ததை நீ பார்த்தியா?"

"பார்த்தேங்க, மேஜர்."

"எங்க?"

"கேப்டன் சொன்ன காட்டுலங்க."

மேஜர் பேனாவை மூடினார். கஸ்பருக்கு இருமல் வந்தது. எனக்கும் வந்தது.

அந்த வாரமே ஒட்மார் ரஷ்யாவுக்கு ரயிலேறினான். அவன் இடத்துக்குப் புதிதாக வந்தவனுக்குக் கண் மிகக் கூர்மை; கேட்டதையெல்லாம் பார்த்தான். கிறிஸ்துமஸுக்கு முன்பே கேப்டனின் கழுத்தில் பதக்கம் ஏறியது.

அங்கே பிடிபட்ட ஒட்மார் சிறைமுகாமிலிருந்து நாற்பத்து ஒன்பதில்தான் திரும்பினான். இடது காலில் விரல்கள் இல்லை. ஊர்ப் பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தில் அவனை உண்மைக்காகத் துன்பப்பட்டவன் என்று புகழ்ந்தார். வெளியே வந்ததும், "உண்மையா அது?" என்று கேட்டேன்.

"நீ வேற. பொய் சொல்லத்தான் போனேன்," என்றான். "வாய் சொதப்பிடுச்சு."