ரேஷன் கடை வரிசையில் வந்த நெட்டலை

என் மருமகள் இயற்பியல் படித்தவள். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்த பெண்ணை, பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டு லாரி ஓட்டும் என் மகனுக்குத் தேடிப் பிடித்துக் கட்டி வைத்தவள் நான்தான். படித்தவள் உனக்கு அடங்குவாளா என்று பங்காளி வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். அடக்கி வைக்க அவள் என்ன கன்றுக்குட்டியா என்று திருப்பிக் கேட்டேன். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். இதை எழுதவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. எழுதிவிட்டேனா இல்லையா, அதுதான் பேச்சு.

குழந்தை பிறந்து ஐந்து வருடம் அவள் வீட்டில் இருந்தாள். பேத்தியைப் பள்ளியில் சேர்த்ததும் வேலை தேடினாள். தனியார் பள்ளியில் சேர வேண்டுமானால் முதலில் அவர்கள் கண்முன்னே பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். டெமோ என்கிறார்கள். இரண்டு பள்ளிகளில் நடத்தினாள். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: பாடம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் பிள்ளைகள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மூன்றாவதாக அரூரில் ஒரு பள்ளி கூப்பிட்டபோது, இதுதான் கடைசி, இதிலும் ஆகாவிட்டால் இனி என்னை யாரும் போகச் சொல்லாதீர்கள் என்று என்னிடமும் மகனிடமும் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னபடி நிற்கிறவள்.

ஒன்பதாம் வகுப்புக்கு அலைகளின் வகைகள் என்ற பாடத்தைக் கொடுத்திருந்தார்கள். கைவசம் நான்கு நாள் இருந்தது. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டி முடித்ததும் நானும் பேத்தியும் பிள்ளைகளாக உட்கார வேண்டும், அவள் சுவரில் சாக்பீஸால் எழுதி நடத்துவாள்.

அலை என்றால் எனக்கு வேளாங்கண்ணியில் பார்த்த கடல்தான். எங்கள் பக்கம் ஏது கடல்? முதல் நாளே அவள் அதைக் கலைத்துவிட்டாள். மாட்டுக் கயிறு ஒன்றைக் கம்பத்தில் கட்டி, நடுவில் பேத்தியின் சிவப்பு ரிப்பனை முடிந்து, இந்த முனையைப் பிடித்து ஒரு உதறு உதறினாள். வளைவு ஒன்று கம்பம் வரைக்கும் ஓடியது. ரிப்பன் மேலே போய்க் கீழே வந்ததே தவிர கம்பத்துப் பக்கம் ஒரு விரக்கடைகூட நகரவில்லை. அலை போகும் வழி ஒன்று, கயிறு ஆடும் வழி அதற்குக் குறுக்கே. இது குறுக்கலை, வெளிச்சமும் இந்த வகைதான். அலை போகிற வழியிலேயே முன்னும் பின்னும் ஆடினால் அது நெட்டலை. நாம் பேசுகிற சத்தம் அந்த வகை.

அடுத்த நாள் மறுபடியும் பிரித்தாள். கயிறோ தண்ணீரோ காற்றோ ஏதாவது ஒன்று இருந்தால்தான் போகும் அலைகள் ஒரு பக்கம். ஒன்றுமே இல்லாமல் போகும் அலைகள் மறுபக்கம், வெளிச்சம் மாதிரி. நேற்றுக் கயிற்றோடு சேர்த்து வைத்த வெளிச்சத்தை இன்று எதற்குத் தனியாகத் தூக்கி வைக்கிறாய் என்று பேத்தி சண்டைக்குப் போனாள். எனக்கு அது சிரமமாகவே இல்லை. மாங்காய் மண்டியில் பல சீசன் தரம் பிரித்தவள் நான். அதே காயை முதலில் ஜாதி பார்த்துப் பிரிப்போம், பிறகு பழுப்புப் பார்த்துப் பிரிப்போம். இரண்டு தரம் பிரித்தால் காய் இரண்டாகிவிடுமா?

அந்தத் தைரியத்தில்தான் மூன்றாம் நாள் வாயைக் கொடுத்தேன். நெட்டலையைக் காட்ட அவளிடம் பொருள் இல்லை. பெரிய ஸ்பிரிங் வேண்டும் என்றாள், அது பாப்பிரெட்டிப்பட்டியில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. நான் கல்யாணமான புதிதில் சித்தாள் வேலைக்குப் போனவள். தளம் போடுகிற நாளில் கீழேயிருந்து மேலே வரைக்கும் பொம்பிளைகள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி ஏற்றுவோம். நின்ற இடத்தை விட்டு ஒருத்தியும் நகர மாட்டாள், சட்டி மட்டும் மேலே போய்ச் சேரும். அதைத்தான் சொன்னேன். என்னைவிட யார் சொல்லிவிட முடியும் என்ற நினைப்பு எனக்கு.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அது தப்புங்க அத்தை" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை என்னிடம் அவள் சொன்னதில்லை.

"சட்டி இங்கிருந்து அங்க போயிருச்சில்லைங்க? அலையில பொருளு போயிச் சேரக் கூடாதுங்க. அப்பிடிப் போனா, நான் பேசற பேச்சுக்கு என் வாயிக் காத்து உங்க காதுக்குள்ள வரணும்."

"அப்ப வர்றதில்லையா?"

"வராதுங்க. இங்க ஒரு தள்ளு தள்ளுனா பக்கத்துக் காத்து அதுக்கு அடுத்ததத் தள்ளும். தள்ளு மட்டுந்தான் வந்து சேரும்."

நான் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன். தப்பு என்று சொன்னதுகூடப் பெரிதில்லை. சொன்னது சரியாக இருந்ததே, அதுதான் உறுத்தியது.

மறுநாள் காலையில் ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பும் பாமாயிலும் வந்த நாள், வரிசை கடைவாசலில் தொடங்கிச் சாக்கடை ஓரம் வரைக்கும் நின்றது. கைரேகை மெஷின் வேலை செய்யவில்லை. வெகுநேரம் கழித்து அது சரியானதும், சாக்கடை ஓரம் கடைசியில் நின்ற ஒருத்தி பொறுமையில்லாமல் முன்னால் நின்றவளை ஒரு தள்ளு தள்ளினாள். அவள் அடுத்தவள் மேல் சாய்ந்தாள். தள்ளு ஒவ்வொருத்தியாக ஏறி என் முதுகுக்கு வந்தது, நான் முன்னால் நின்றவளின் தோளில் போய் மூக்கை இடித்தேன், பிறகு நின்ற இடத்துக்கே வந்துவிட்டேன். அந்த நேரம் முதலில் நின்றவள் பையோடு போய்த் தராசில் மோதினாள். கடைக்காரர் எரிந்து விழுந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். தள்ளினவள் அதே சாக்கடை ஓரத்தில்தான் நின்றாள். தராசுக்கு வந்து சேர்ந்தது அவளில்லை, யாருமில்லை. தள்ளு மட்டும்தான்.

உடனே வீட்டுக்கு ஓடினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரிசையை விட்டு வர நான் என்ன பைத்தியமா? பருப்பு, பாமாயில், சர்க்கரை எல்லாம் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். சர்க்கரையை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்த மருமகளிடம் நடந்ததைச் சொன்னேன். இது எந்த வகை என்று கேட்டேன்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "நெட்டலைங்க அத்தை. அச்சு அசல் நெட்டலை" என்றாள். அப்புறம், "மூக்கு வலிக்குதுங்களா?" என்று கேட்டாள்.

டெமோ நாளில் நானும் கூடப் போனேன். பேத்திக்கு அன்று லீவு, நானும் வருவேன் என்று நின்றாள், அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே பின்வரிசையில் ஹெட்மிஸ்ட்ரஸும் இன்னும் இரண்டு பேரும் நோட்டோடு இருந்தார்கள். மருமகள் கயிற்றை உதறினாள். பிள்ளைகளில் பாதிப் பேர்தான் பார்த்தார்கள். அடுத்து பத்துப் பேரை எழுப்பி, முன்னால் நிற்பவர் தோளில் கையை வைத்து வரிசையாக நிற்கச் சொன்னாள். ரேஷன் கடை என்றாள். கடைசிப் பையனைத் தள்ளச் சொன்னாள். அவன் வேண்டுமென்றே பலமாகத் தள்ளினான். முதலில் நின்றவன் போர்டில் போய் மோதி மூக்கெல்லாம் சாக்பீஸ் தூளாகத் திரும்பினான். வகுப்பே சிரித்தது. நோட்டு வைத்திருந்தவர்களில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். முந்தின இரண்டு பள்ளியிலும் சத்தம் வந்ததும் பயந்துபோனேன் என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். இந்தத் தடவை சிரிப்பு அடங்குமட்டும் காத்திருந்தாள்.

"கடைசியில நின்னவன் இப்ப எங்க இருக்கான்?"

"அங்கயேதான் மிஸ்."

"அப்ப போர்டுல வந்து இடிச்சது எது?"

எல்லாத் தலையும் நிமிர்ந்திருந்தது. அதை நான் ஜன்னல் வழியாக எண்ணாத குறையாகப் பார்த்தேன். பிறகு ஒரு பெண்பிள்ளை தயங்கித் தயங்கி, தள்ளு மிஸ் என்றது.

ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்தார். வெளிச்சத்துக்கு யார் வரிசையில் நிற்பார்கள் என்று கேட்டார். மடக்குகிற கேள்வி. யாரும் வேண்டாம் மேடம், சூரியனுக்கும் நமக்கும் நடுவில் அவ்வளவு தூரமும் வெறும் இடம்தான், வெளிச்சம் வரிசை இல்லாமலே வந்துவிடும், சத்தத்தால் அது முடியாது என்றாள் மருமகள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி நேரம் ஆபீசுக்குள் வைத்துப் பேசினார்கள். வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் அவள் வாயால் சொல்லட்டும் என்று இருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்களாம். ரேஷன் கடை யோசனை எங்கே கிடைத்தது என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்ன?"

"எங்க அத்தை வரிசையில நின்னு கொண்டாந்தாங்கன்னு சொன்னேங்க."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பாதி வழி வரும்வரை அவள் சிரித்த முகமாக இருந்தாள். அப்புறம் யோசனை பிடித்துக்கொண்டது. ஏழரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், குழந்தையைக் குளிப்பாட்டிக் கிளப்ப வேண்டும், சோறு ஆக்க வேண்டும், சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வர வேண்டும், எப்படிங்க அத்தை முடியும் என்றாள்.

"சோறு நான் ஆக்கறேன். புள்ளயையும் மாட்டையும் நான் பாத்துக்கறேன். கொழம்பு மட்டும் நீ எந்திரிச்சு வெச்சுட்டுப் போ. எம் பையனுக்கு ஒங்கொழம்புதான் எறங்குது" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழம்பு விஷயத்தை இந்த ஏழு வருடத்தில் நான் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.