ஆம்பளைங்க துன்னாத கீரை

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒலக்கூரிலிருந்து விழுப்புரத்துக்கு நான் மருமகளாக வந்தபோது, அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம் நின்றது. காயை மனிதர்கள் தின்றார்கள், கீரையைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றது. எங்கள் எல்லோரையும்விட அந்த ஆடுதான் தளதளவென்று இருந்தது. மாமனாருக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் தழை தின்னக் கூடாது என்பது அவர் கட்சி. அப்பளம் பொரித்தால் அது விருந்து, பொரிக்காவிட்டால் தண்டனை. என் வீட்டுக்காரர் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

மாமியார் பகலெல்லாம் பம்பரமாகச் சுழல்வார். விளக்கு வைக்கும் நேரமானால் மட்டும் சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுவார். அதன் பிறகு தண்ணீர் மொள்வதிலிருந்து பாய் விரிப்பதுவரை எல்லாம் என் தலையில். மருமகள் வந்ததும் கிழவி மகாராணி ஆகிவிட்டாள் என்று மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

ஒருநாள் அந்தி நேரம். கொடியில் உலர்ந்துகொண்டிருந்த என் பச்சைப் புடவைக்கு எதிரே மாமியார் நின்று, "இன்னாடி மரமாட்டம் நிக்கிற? அரிசி களையச் சொல்லி எம்மா நேரம் ஆச்சி? வாயத் தொறக்கிறாளா பாரு!" என்று பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். நானோ களைந்த அரிசியோடு அவருக்குப் பின்னால் நிற்கிறேன். புடவை என்னைவிடப் பொறுமைசாலி, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிக்க வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டேன். அவருக்குக் கண் தெரியவில்லை.

தோளைத் தொட்டதும் தன் குட்டு உடைந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. முதலில் கேட்டது, "உங்க மாமனாருகிட்ட சொல்லிடுவியா?" என்றுதான். கண் போனதைவிட, விஷயம் தெரிந்தால் அடுப்படியிலிருந்து தன்னை எழுப்பிவிடுவார்களே என்பதுதான் அவர் பயம். சொல்வதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

என் சித்தி வீட்டில் வளைகாப்பு என்று ஒரு பொய்யைச் சொல்லி அவரைத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டாக்டரம்மா இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மாலைக்கண் என்றார். ஈரல், பப்பாளி, கீரை சாப்பிட வேண்டும், இப்படியே விட்டால் பகலிலும் தெரியாமல் போய்விடும் என்று எச்சரித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே மூன்றில் இரண்டு அடிபட்டுப் போயின. எங்கள் வீட்டில் ஈரல் எடுத்தால் அது நேராக மாமனார் தட்டுக்குப் போகும். பப்பாளிக்கு, "வாயும் வயிறுமா ஆவவேண்டிய பொண்ணு இருக்கிற ஊட்டுல அந்தச் சூட்டக் கொண்டாருவேனா?" என்று என்னையே காரணம் காட்டினார். மிச்சம் இருந்தது கீரை. அதற்கும் ஒரே போடாகப் போட்டார்: "ஆம்பளைங்க துன்னாதத எதுக்கு ஆக்கறது?"

ஆக, ஒரு பெண்பிள்ளைக்குக் கண் தெரிய வேண்டுமானால் இரண்டு ஆண்பிள்ளைகள் முதலில் கீரை தின்னப் பழக வேண்டும். என்ன நியாயமோ!

முதலில் முருங்கைக்கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி அடைமாவில் கலந்தேன். "அடை இன்னாம்மா இன்னிக்கு கமகமன்னு கீது?" என்றார் மாமனார். "பெருங்காயம் கொஞ்சம் தூக்கலுங்க மாமா" என்றேன். பிறகு பருப்பில் போட்டேன். அவர் சந்தேகத்தோடு கிளறியபோது கொத்தமல்லி என்று சாதித்தேன். அது செரித்ததும் துணிந்து, மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, வறுத்துப் பூண்டோடு இடித்துக் கீரையில் புரட்டி வெளிப்படையாகவே பரிமாறினேன். மல்லாட்டையைப் பொறுக்க ஆரம்பித்த என் வீட்டுக்காரர் தட்டையே வழித்துவிட்டார். கொஞ்ச நாளில் கீரை இல்லையென்றால் அப்பனும் மகனும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். ஆடு இளைத்தது.

ஜெயித்துவிட்டேன் என்று குதித்துக்கொண்டு போய்ச் சட்டியைப் பார்த்தால் காலி. மாமியார் சட்டியில் ஒட்டியிருந்ததைச் சோற்றில் புரட்டிக்கொண்டே, "ஒரு துளி வைக்காம துன்ட்டாங்க பாத்தியா!" என்று பூரித்துப் போனார். அன்று அந்தியிலும் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆண்கள் தட்டுகளோடு இன்னொரு தட்டையும் வைத்தேன். அதில் முதலில் கீரையைக் குவித்தேன். மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அதன் முன்னால் உட்காரவைத்தேன்.

"இன்னாம்மா இது புதுப் பழக்கம்?" என்றார் மாமனார்.

சத்தியமாவது ஒன்றாவது என்று மாலைக்கண், திண்டிவனம், பொய் வளைகாப்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமியார் என்னை முறைத்த முறைப்பில் கண்ணில் ஒரு கோளாறும் இருப்பதாகத் தெரியவில்லை.

மாமனார் கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தார். மாமியார் பக்கம் திரும்பி, "சாப்புடு" என்றார்.

மாமியார் சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், மறுபடியும் பிசைந்தார். கை வாய்க்குப் போகவில்லை. கடைசியில் குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "நீங்க அந்தாண்ட திரும்பிக்குங்க. நீங்க பாத்துக்கினு இருந்தா எனக்கு எறங்கல."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் சாப்பிட்டு மாமனார் பார்த்ததே இல்லை. மாமனார் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

மாமியாருக்குக் கண் தெளியச் சில மாதங்கள் பிடித்தன. தெளிந்த பிறகும் மாமனார் சுவரைப் பார்த்து உட்காருவதை விடவில்லை. முதல் கவளத்தை விழுங்கிவிட்டு மாமியார் "உம்" என்று சொன்ன பிறகுதான் அவர் தன் சோற்றில் கை வைப்பார்.