மச்சான் போட்ட 'ம்'

என் மச்சான் சகாய ஆனந்துக்குத் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலிருந்தபடியே வேலை. என்ன வேலை என்று கேட்டால் சொந்தக்காரர்கள் "கம்ப்யூட்டர்" என்று பேச்சை முடித்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் மூன்று முறை விளக்கித் தொலைத்தான். கம்ப்யூட்டருக்குள் ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள் ஓடுகின்றன. சிலதின் கையில் ரகசியம் இருக்கும், சிலது ஊருக்குப் பொது. எது எதனிடம் பேசலாம் என்று விதி எழுதுவது இவன் பிழைப்பு. கீழே பொதுவில் இருப்பது மேலே இருக்கும் ரகசியக்காரனிடம் எதையும் சொல்லலாம். ரகசியக்காரன் கேட்டுக்கொள்ளலாமே தவிர, கீழே ஒரு வார்த்தை விடக் கூடாது. பாவம் பார்த்து, "வந்து சேர்ந்தது" என்று மட்டும் சொல்ல அனுமதித்திருந்தான். இல்லையென்றால் கீழே இருப்பது அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்குமாம்.

இதை ஆபீசோடு வைத்துக்கொண்டிருந்தால் எனக்கென்ன வந்தது? வீட்டுக்கும் கொண்டுவந்தான்.

அவன் தங்கை சிந்தியாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். நான் ஜெபஸ்டின், சிதம்பரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சிக்கல் எல்லாம் சேத்தியாத்தோப்பு சவரிமேரி அத்தைதான். அவர் மகன் ராஜ்கமல் சிந்தியாவுக்கு முறைமாப்பிள்ளை. விஷயம் தெரிந்தால் அத்தை வந்து அழுவார். சிந்தியாவின் அப்பா மரிய ஜோசப் தங்கை கண்ணீரைத் தாங்காதவர். என் கல்யாணம் போயே போச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஊரறியக் கல்யாண ஓலை வாசிக்கும் வரை அத்தை காதுக்கு எதுவும் போகக் கூடாது என்று ஏற்பாடு.

வியாழக்கிழமையே அத்தை வந்து இறங்கிவிட்டார். அன்று பார்த்து நானும் அங்கே இருந்தேன், சிந்தியாவைப் பார்க்கத்தான். ஆனந்த் என்னை "ஆபீஸ் ஃப்ரெண்டு" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டு, காதருகே வந்தான்.

"பயப்படாதீங்க மச்சான். அவுங்க என்ன வேணா கேக்கட்டும். நான் 'ம்' மட்டுந்தான் போடுவேன். என் ரூலு அது. எட்டு மாசமா ஒருத்தராலயும் ஓட்ட கண்டுபுடிக்க முடியல."

அத்தை காப்பியை ஆற்றியபடி ஆரம்பித்தார்.

"சிந்தியாவுக்கு எடம் பாத்துட்டீங்களாமே. மாப்ள நெய்வேலியா?"

"ம்." சட்டென்று வந்தது.

"பண்ருட்டியா?"

"ம்."

"சிதம்பரமா?"

மச்சான் எச்சில் விழுங்கினான். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். "...ம்."

அத்தை ஒரு வாய் காப்பி குடித்தார்.

"வாத்தியாரா?"

"ம்."

"பேங்கா?"

"ம்."

அத்தையின் பார்வை என் சட்டைப்பையில் இருந்த மருந்து கம்பெனி பேனாவில் வந்து நின்றது.

"மருந்துக்கடையா?"

மச்சானுக்கு இருமல் வந்துவிட்டது. அத்தை என் பக்கம் திரும்பினார்.

"காப்பி ஆறுது மாப்ள, குடிங்க."

அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். சிந்தியாவைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடலாம் என்று நான் எழுந்தேவிட்டேன்.

"எம்புள்ள புதுச்சேரில ஒரு பொண்ணத்தான் கட்டுவேன்னு ஆறு மாசமா ஒத்தக்கால்ல நிக்கிறான். எங்கண்ணங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்றதுன்னு நான் தவிச்சிக் கெடந்தேன். நீங்க எங்கிட்ட மறைக்கிறீங்களாக்கும்!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கீழே இருக்கும் அத்தை மேலே இருக்கும் எங்களிடம் எதையும் சொல்லலாம் என்று விதி இருந்து என்ன? மேலே இருப்பவர்கள் வாயே திறக்காவிட்டால் யார்தான் துணிந்து சொல்வார்கள்?

வீடே சிரித்தது. மச்சான் முகம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. சொன்னது எல்லாம் 'ம்'தான். சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் கூடிக் குறைந்ததிலேயே மொத்தமும் வெளியே போய்விட்டது. ஆபீஸ் விதியிலும் அதே ஓட்டை. ரகசியப் புரோகிராம் "வந்து சேர்ந்தது" என்பதைச் சட்டென்று சொல்லியும் இழுத்துச் சொல்லியுமே சேதி கடத்திவிடலாம். அன்றைக்கே உட்கார்ந்து திருத்தினான். எது வந்தாலும் ஒரே அளவு நேரம் கழித்துத்தான் பதில். வீட்டிலும் அப்படியே. சோறு போடட்டுமா என்றால்கூட மூன்று எண்ணிவிட்டுத்தான் "ம்" என்பான்.

எங்கள் கல்யாணப் பந்தியில் அத்தை அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்கு ஒன்ன மாட்டி வுட்டுட்டேன். எம்மேல கோவமாடா, ஆனந்து?"

மச்சான் வழக்கம்போல எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று வருவதற்குள் அத்தையின் கண் கலங்கிவிட்டது. அவன் பதறிப்போய், பிரியாணிக் கையோடு அவர் கையைப் பிடித்தான்.

"இல்லத்த, கோவமே இல்லத்த!"

அதற்கப்புறம் அத்தையிடம் மட்டும் அவன் எண்ணுவதில்லை.